‘பெர்மிஷன் டினைட்’ என்று சொன்னது யார்? ஒரு சிறு சர்வரின் டேட்டாபேஸ் அனுமதிச் சிக்கல்கள்

ஒரு சிறு அமைப்பின் உறுப்பினர் பதிவேடு. பிஎச்பியில் எழுதிய வெப் செயலி, அதற்குப் பின்னால் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள், எல்லாம் ஒரே லினக்ஸ் சர்வரில். பழைய சர்வரில் போஸ்ட்கிரெஸ் 13 ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பதிப்புக்கு போஸ்ட்கிரெஸ் திட்டம் தரும் ஆதரவு 2025 நவம்பரோடு முடிந்ததால், ரெட் ஹாட் வகை லினக்ஸின் 9ஆம் பதிப்பு போட்ட புது சர்வருக்கும் போஸ்ட்கிரெஸ் 16க்கும் ஒரே மூச்சில் மாற முடிவெடுத்தார்கள். பழையதில் எஸ்இலினக்ஸ் (கோப்பு அனுமதிக்கு மேல், எந்த நிரல் எதைத் தொடலாம் என்று பார்க்கும் லினக்ஸின் கூடுதல் காவல்) அணைக்கப்பட்டிருந்தது, புதியதில் அது முழு வீச்சில் இயங்கியது. இந்த ஒரு வேறுபாடு பின்னால் இரண்டு இடங்களில் முகம் காட்டியது.

சர்வரைப் பார்த்துக்கொள்ளும் நண்பர் செய்தது இதுதான். பழைய சர்வரில் டேட்டாபேஸை ஒரு கோப்பாக டம்ப் எடுத்தார், புதியதில் அதை ரீஸ்டோர் செய்தார். அப்புறம், முதன்மை டிஸ்கில் இடம் போதாது என்று தனி டிஸ்க் ஒன்றைச் சேர்த்து, போஸ்ட்கிரெஸை நிறுத்திவிட்டு, டேட்டா டைரக்டரியை, சர்வரின் முழு அதிகாரம் கொண்ட ரூட் பயனராக ‘சிபி’ கட்டளையால் அங்கே நகலெடுத்தார். சர்வீஸ்களைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டியில், போஸ்ட்கிரெஸ் சர்வீஸுக்குப் புதுப் பாதையையும் கொடுத்தார். சர்வீஸ் எழவில்லை. ஓனரை மாற்றினார், எழவில்லை. கடைசியில் டேட்டா டைரக்டரி முழுவதற்கும் 777, அதாவது எல்லாருக்கும் படிக்க, எழுத, நுழைய அனுமதி, போட்டார். அப்போதும் எழவில்லை. நான் உள்ளே வந்தபோது அவர் கேட்ட கேள்வி: “எல்லாருக்கும் எல்லாம் கொடுத்தாச்சு, இன்னும் ஏன் மாட்டேங்குது?”

நியாயமான கேள்வி. அதற்கான பதில்தான் இந்த ஆய்வு முழுவதும். ‘பெர்மிஷன் டினைட்’ என்ற சொல் ஒன்றுதான், ஆனால் அதைச் சொல்கிறவர்கள் பலர். லினக்ஸின் மையமான கர்னலின் கோப்பு அனுமதி சொல்லலாம், எஸ்இலினக்ஸ் சொல்லலாம், போஸ்ட்கிரெஸ் தன் சொந்தச் சோதனையில் சொல்லலாம், உள்நுழைவு விதிகள் சொல்லலாம், டேட்டாபேஸுக்குள் இருக்கும் உரிமைகள் சொல்லலாம். ஒருவர் மறுப்பதை இன்னொருவரிடம் போய்ச் சரிசெய்ய முடியாது. அதனால் மறுப்பது யார் என்று தெரியும்வரை எதையும் மாற்றுவதில்லை என்று முதலிலேயே பேசிக்கொண்டோம். தொடுவதற்கு முன், அப்போதிருந்த அனுமதிகளை ‘கெட்ஃபேக்ல்’ கட்டளையால் ஒரு கோப்பில் பதிந்து வைத்தேன். அந்தக் கோப்பை ‘செட்ஃபேக்ல்’ கட்டளையிடம் கொடுத்தால் பழைய நிலை அப்படியே திரும்பும். அனுமதிச் சிக்கலில் கைவைக்கும் எவருக்கும் இதை நான் வலியுறுத்திச் சொல்வேன். மாற்றி மாற்றிப் பார்த்ததில் ஆரம்ப நிலையே தொலைந்துபோன சர்வர்களை மீட்பது பெரும்பாடு.

சர்வீஸ் எழாததற்கு மூன்று காரணங்கள்

சிஸ்டம்டியின் பதிவான ஜர்னலில் இருந்த வரி ‘பெர்மிஷன் டினைட்’ என்று சொல்லவே இல்லை. புதுப் பாதையில் உள்ள டைரக்டரி “இல்லை, அல்லது காலியாக உள்ளது” என்றது. டைரக்டரியோ கண்ணெதிரே இருந்தது, உள்ளே எல்லாக் கோப்புகளும் இருந்தன.

ரெட் ஹாட் வகையில் போஸ்ட்கிரெஸைத் தொடங்குவதற்கு முன்னால் ஒரு சிறு ஸ்கிரிப்ட் ஓடும். டேட்டா டைரக்டரியில் பிஜி_வெர்ஷன் கோப்பும் பேஸ் டைரக்டரியும் இருக்கின்றனவா என்று பார்ப்பது அதன் வேலை. அது ஓடுவது ரூட்டாக அல்ல, போஸ்ட்கிரெஸ் பயனராக. அந்தப் பயனரால் அங்கே போய்ச் சேர முடியாவிட்டால், ஸ்கிரிப்ட்டைப் பொறுத்தவரை அங்கே ஒன்றும் இல்லை. ஆகவே ‘இல்லை’ என்ற செய்தியும் சில சமயம் அனுமதிச் சிக்கல்தான்.

இந்த மாதிரி நேரத்தில் நான் முதலில் எடுப்பது ‘நேம்-ஐ’ கட்டளையை, அதன் நீளப் பட்டியல் வடிவத்தில். ஒரு பாதையைக் கொடுத்தால் வேரிலிருந்து கடைசிவரை ஒவ்வொரு படியின் ஓனரையும் அனுமதியையும் வரிசையாகக் காட்டும். ‘எல்எஸ்’ கடைசிப் படியை மட்டும் காட்டுவதால் நடுவில் இருக்கும் தடை கண்ணில் படாது. இங்கே தடை மவுன்ட் புள்ளியில் இருந்தது. பாதுகாப்புக்கு நல்லது என்று டிஸ்க்கை மவுன்ட் செய்த டைரக்டரிக்கு 700 (ஓனருக்கு மட்டும் அனுமதி) போட்டு ரூட்டின் பெயரில் வைத்திருந்தார் நண்பர். அதற்குக் கீழே இருந்த டேட்டா டைரக்டரிக்கு 777 இருந்தும் பயனில்லை. ஒரு டைரக்டரிக்கு எக்ஸ் அனுமதி என்றால் அதைத் தாண்டி உள்ளே போகும் உரிமை. மேலே உள்ள ஒரு படியில் அது இல்லையென்றால் கீழே எதைத் திறந்து வைத்தும் பயனில்லை. மவுன்ட் புள்ளியை போஸ்ட்கிரெஸ் பயனரின் பெயருக்கு மாற்றினோம், 700 அப்படியே இருக்கட்டும் என்று விட்டோம். அந்த டிஸ்கில் வேறு யாருக்கும் வேலை இல்லை.

அடுத்த முயற்சியில் செய்தி மாறியது: டைரக்டரியை அணுக முடியவில்லை, பெர்மிஷன் டினைட். செய்தி மாறினால் மகிழ வேண்டும். ஒரு அடுக்கு தாண்டியாயிற்று என்று அர்த்தம். இந்த முறை சொன்னது போஸ்ட்கிரெஸ் நிரலே, தொடக்க ஸ்கிரிப்ட் அல்ல.

இங்கே ஒரு சோதனை மிகவும் உதவும். ‘சூடூ’ வழியாக போஸ்ட்கிரெஸ் பயனராக மாறி, அதே டைரக்டரியைப் பட்டியலிட்டுப் பார்த்தோம். அழகாகப் பட்டியல் வந்தது. அதே பயனர், அதே டைரக்டரி. ஷெல்லில் முடிகிறது, சர்வீஸாக ஓடும்போது முடியவில்லை. இந்த வேறுபாடு தெரிந்தால் கோப்பு அனுமதியைப் பற்றிக் கவலைப்படுவதை நிறுத்திவிடலாம். மிச்சம் இருப்பவை இரண்டு: எஸ்இலினக்ஸ் போன்ற பாதுகாப்பு அடுக்கு, அல்லது சிஸ்டம்டி அந்த சர்வீஸைச் சுற்றிப் போட்டிருக்கும் வேலி. இரண்டாவதையும் சும்மா விட்டுவிடக் கூடாது. மரியாடிபி என்ற இன்னொரு டேட்டாபேஸின் சர்வீஸ் கோப்பில் ‘புரொடெக்ட்ஹோம்’ என்ற அமைப்பு உண்டு. ஹோம் டைரக்டரிக்குள் டேட்டாவை வைத்தால் அது அனுமதி எப்படியிருந்தாலும் மறுக்கும். அதையும் ஷெல்லிலிருந்து கண்டுபிடிக்க முடியாது.

எங்கள் வழக்கில் அது எஸ்இலினக்ஸ். ஆடிட் பதிவை ‘ஏயூசர்ச்’ கட்டளையால் தேடியதும் வரி கிடைத்தது. அந்த வரியில் படிக்க வேண்டியவை இரண்டே புலங்கள். கேட்டவர் யார் என்பதில் ‘போஸ்ட்கிரெஸ்கியூஎல்_டி’ என்று இருந்தது, கேட்கப்பட்டது எது என்பதில் ‘அன்லேபிள்ட்_டி’ என்று இருந்தது. புதிதாக ஃபார்மேட் செய்த டிஸ்க், எஸ்இலினக்ஸ் பார்க்கும் வகைப்பெயரான லேபிளை அதில் யாரும் இடவில்லை. சாதாரண ‘சிபி’ நகலெடுக்கும்போது பழைய லேபிளைக் கொண்டுபோகாது, போய்ச் சேரும் டைரக்டரியின் லேபிளையே புதுக் கோப்புகள் எடுத்துக்கொள்ளும். போஸ்ட்கிரெஸ் சர்வீஸுக்கு லேபிள் இல்லாத கோப்புகளைத் தொட அனுமதி இல்லை. ஷெல்லில் நுழைந்த பயனரோ கட்டுப்பாடற்ற வகையில் இருப்பதால் அவருக்கு எல்லாம் முடிந்தது.

எஸ்இலினக்ஸை அணைத்துவிடுங்கள் என்ற ஆலோசனை எங்கும் கிடைக்கும். நான் அதற்கு உடன்படுவதில்லை. ஒரு நிமிடம், தடுக்காமல் பதிவு மட்டும் செய்யும் ‘பெர்மிசிவ்’ நிலைக்கு மாற்றி, சந்தேகத்தை உறுதிசெய்துகொண்டு திரும்பிவிடலாம், அது சோதனை. நிரந்தரமாக அணைப்பது, வெப் செயலியில் நாளை ஓட்டை வந்தால் தடுத்து நிறுத்தும் ஒரு சுவரை இடித்துவிடுவது. சரியான வேலையும் பெரிதல்ல. புது மவுன்ட் புள்ளிக்கு, போஸ்ட்கிரெஸின் வழக்கமான இடமான ‘/வார்/லிப்/பிஜிஎஸ்கியூஎல்’ பாதைக்கு என்ன விதியோ அதே விதி என்று ‘செமேனேஜ்’ கட்டளையில் ஒரு சமநிலை விதி எழுதினோம். பிறகு ‘ரெஸ்டோர்கான்’ ஓட்டியதும் லேபிள்கள் எல்லாம் சரியாக விழுந்தன. ‘சிகான்’ கொண்டு நேரடியாக லேபிளை மாற்றியும் இருக்கலாம், ஆனால் யாராவது பின்னால் ரெஸ்டோர்கான் ஓட்டினால் அது அழிந்துபோகும்.

மூன்றாவது மறுப்பு, போட்ட மருந்தாலேயே வந்தது. டேட்டா டைரக்டரியின் அனுமதிகள் செல்லாது, 0700 அல்லது 0750 இருக்க வேண்டும் என்று போஸ்ட்கிரெஸ் திட்டவட்டமாகச் சொல்லி நின்றது. பதிப்பு 11க்கு முன்பு 0700 மட்டும்தான் ஏற்கும், 11 முதல் குழுவுக்குப் படிக்கும் உரிமையையும் சேர்த்து ஏற்கிறது. அதற்கு மேல் ஒரு பிட் கூடினாலும் தொடங்க மறுக்கும். இங்கேதான் நண்பரின் கேள்விக்குப் பதில் இருக்கிறது. பாதுகாப்பை மதிக்கும் நிரல்கள் அனுமதி குறைவாக இருப்பதை மட்டும் பார்ப்பதில்லை, கூடுதலாக இருப்பதையும் பார்க்கின்றன. மைஎஸ்கியூஎல் தன் அமைப்புக் கோப்பு எல்லாரும் எழுதக்கூடியதாக இருந்தால் அதைப் படிக்காமலே விட்டுவிடும், நீங்கள் எழுதிய அமைப்பு எதுவும் நடைமுறைக்கு வராது. போஸ்ட்கிரெஸின் கடவுச்சொல் கோப்பும் அப்படியே, குழுவுக்கோ பிறருக்கோ திறந்திருந்தால் புறக்கணிக்கப்படும். 777 ஒரு சிக்கலைத் தீர்க்காததோடு, தொடர்பே இல்லாத புதிய சிக்கலை உண்டாக்கிவிட்டுப் போகும்.

திருப்பி எடுக்கும்போது ஒரு நுணுக்கம். ‘சிமோட்’ கட்டளையில் பெரிய எக்ஸ் போட்டால் டைரக்டரிகளுக்கு மட்டும் நுழையும் உரிமை தரும் என்று பலரும் நினைக்கிறோம். ஏற்கெனவே எக்ஸ் அனுமதி உள்ள கோப்புகளுக்கும் அது எக்ஸை விட்டுவைக்கும். 777 போட்டபின் எல்லாக் கோப்புகளுக்கும் எக்ஸ் வந்துவிட்டதே! அதனால் ‘ஃபைண்ட்’ வைத்து டைரக்டரிகளுக்கு 700, கோப்புகளுக்கு 600 என்று தனித்தனியாகப் போட்டோம். சர்வீஸ் எழுந்தது.

வாசல்வரை வந்த செயலி

போஸ்ட்கிரெஸ் ஓடுகிறது. செயலியைத் திறந்தால் மீண்டும் பெர்மிஷன் டினைட். இந்த முறை 127.0.0.1 (அதே சர்வர்), போஸ்ட்கிரெஸின் போர்ட் 5432க்கு இணைய முயன்றபோது. இங்கேயும் சொற்களைக் கவனிக்க வேண்டும். சர்வீஸ் ஓடவில்லை என்றால் ‘கனெக்ஷன் ரிஃப்யூஸ்ட்’ என்று வரும். கடவுச்சொல் தவறு என்றால் போஸ்ட்கிரெஸே பேசும், அதன் பதிவிலும் ஒரு வரி விழும். இப்போதோ போஸ்ட்கிரெஸ் பதிவில் ஒரு வரியும் இல்லை. கோரிக்கை அதுவரை வந்து சேரவே இல்லை. அதே இணைப்பை ஷெல்லிலிருந்து போஸ்ட்கிரெஸின் கட்டளைவரி நிரலான ‘பிசீக்வல்’ மூலம் முயன்றால் போய்ச் சேர்கிறது. ஷெல்லில் சரி, சர்வீஸில் இல்லை: முன்பு பார்த்த அதே அடையாளம். பிஎச்பி செயலியை ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம் சர்வீஸின் வகைக்கு டேட்டாபேஸ் போர்ட்டுக்கு இணையும் உரிமை எஸ்இலினக்ஸில் இயல்பாக அணைந்திருக்கும். அதற்கென்றே ‘எச்டிடிபிடி_கேன்_நெட்வொர்க்_கனெக்ட்_டிபி’ என்ற சுவிட்ச் உண்டு. அதை நிரந்தர விருப்பத்தோடு போட்டோம். நிரந்தர விருப்பம் இல்லாமல் போட்டால் அடுத்த ரீபூட்டில் பழைய நிலைக்குப் போய்விடும், அப்போது இதே சிக்கல் புதிதுபோல வந்து நிற்கும்.

அடுத்தது உள்நுழைவு விதிகள். இது சீக்கிரம் முடிந்தது, ஆனால் ஒரு கண்ணி இருந்தது. ரெட் ஹாட் வகையின் தொடக்க அமைப்பில், டிசிபி (நெட்வொர்க் வழி) இணைப்புகளுக்கு, லினக்ஸ் பயனர் பெயரை வைத்து அடையாளம் பார்க்கும் ‘ஐடென்ட்’ முறை எழுதப்பட்டிருக்கும். கடவுச்சொல் சரியாக இருந்தாலும் அதை யாரும் கேட்கவே மாட்டார்கள். ‘பிஜி_எச்பிஏ’ கோப்பில் அந்த வரியை, கடவுச்சொல் கேட்கும் முறையான ‘ஸ்க்ராம்-ஷா-256’ என்று மாற்றினோம். இந்தக் கோப்பில் மேலிருந்து பொருந்தும் முதல் வரிதான் செல்லும், அது மறுத்தால் கீழே உள்ள வரிகளைப் பார்ப்பதே இல்லை. மாற்றத்துக்கு ரீலோட் போதும், ரீஸ்டார்ட் வேண்டாம். ‘டிரஸ்ட்’ என்று போட்டுத் தப்பிக்க ஆசை வரும். அதைப் போட்டால் அந்தச் சர்வரில் ஓடும் எந்த நிரலும் எந்தப் பயனராகவும், எல்லா அதிகாரமும் கொண்ட சூப்பர்யூசராகவும்கூட, கடவுச்சொல் இல்லாமல் நுழையலாம்.

கண்ணி இதுதான். மாற்றியபின் கடவுச்சொல் தவறு என்று வந்தது. கடவுச்சொல் தவறு இல்லை. செயலிக்கு வரும் செய்தி வேண்டுமென்றே சுருக்கமானது, அந்நியருக்குத் துப்புக் கொடுக்கக் கூடாது என்பதற்காக. முழு விவரம் சர்வர் பதிவில் இருந்தது: இந்தப் பயனருக்குச் செல்லத்தக்க ஸ்க்ராம் ரகசியம் இல்லை. போஸ்ட்கிரெஸ் 13இல் கடவுச்சொற்கள் இயல்பாக எம்டி5 என்ற பழைய வடிவில் சேமிக்கப்படும், 14 முதல்தான் இயல்பு ஸ்க்ராம். பழைய சர்வரிலிருந்து பயனர் கணக்குகளை அப்படியே கொண்டுவந்தபோது பழைய வடிவமும் கூடவே வந்துவிட்டது. அதே கடவுச்சொல்லைப் புது சர்வரில் ஒருமுறை மீண்டும் வைத்ததும் சரியானது.

உள்ளே: ஓனர் யார்?

இனிதான் நான் அதிக நேரம் செலவிட்ட இடம். லினக்ஸ் பக்கம் முழுக்கத் தாண்டியாயிற்று, இனி எந்த சிமோடும் உதவாது.

முதல் ரீஸ்டோரின்போது ஓனர் விவரமும் உரிமை விவரமும் வேண்டாம் என்ற இரண்டு விருப்பங்களும் கொடுக்கப்பட்டிருந்தன. ரீஸ்டோர் செய்தது போஸ்ட்கிரெஸ் சூப்பர்யூசர். ஆகவே எல்லா டேபிள்களும் அந்தச் சூப்பர்யூசரின் பெயரில் இருந்தன, செயலியின் ரோலுக்கு (டேட்டாபேஸில் அது நுழையும் கணக்குக்கு) எதுவும் இல்லை. முதல் பக்கத்திலேயே ‘பெர்மிஷன் டினைட் ஃபார் டேபிள்’.

நண்பர் எல்லா டேபிள்களுக்கும் ‘கிராண்ட்’ கட்டளையால் உரிமை கொடுத்தார். பட்டியல்கள் திறந்தன, தேடல் வேலை செய்தது. புது உறுப்பினரைச் சேர்த்தால் மறுப்பு, இந்த முறை ‘சீக்வென்ஸ்’ என்ற பெயரோடு. தானாக ஏறும் எண்களை ‘சீரியல்’ வகையில் அமைத்திருந்தார்கள். அந்த எண்களைத் தரும் சீக்வென்ஸ், டேபிளிலிருந்து தனிப் பொருள். ‘எல்லா டேபிள்களும்’ என்று சொன்னால் அதில் சீக்வென்ஸ்கள் சேராது, தனியாகக் கொடுக்க வேண்டும். கொடுத்தார். சேர்க்க முடிந்தது.

இத்தோடு விட்டிருக்கலாம் என்று தோன்றும். ஆனால் செயலியின் அடுத்த மேம்படுத்தலை ஒரு நகல் டேட்டாபேஸில் ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். இரண்டு மறுப்புகள் வந்தன. ஒரு டேபிளில் புது நெடுவரிசை சேர்க்கும் இடத்தில், நீ இதன் ஓனராக இருக்க வேண்டும் என்றது. புது டேபிள் உருவாக்கும் இடத்தில், டேபிள்கள் இயல்பாக வைக்கப்படும் பப்ளிக் ஸ்கீமாவில் அனுமதி இல்லை என்றது.

முதலாவதற்கு எந்த கிராண்டும் கிடையாது. டேபிளின் அமைப்பை மாற்றுவது ஓனரின் உரிமை, அதைப் பிரித்துக் கொடுக்க வழியே இல்லை. இரண்டாவது, 2022 அக்டோபரில் வந்த போஸ்ட்கிரெஸ் 15இன் மாற்றம். அதற்கு முன்பு டேட்டாபேஸில் நுழைந்த எவரும் பப்ளிக் ஸ்கீமாவில் டேபிள் உருவாக்கலாம், 15 முதல் புதிதாக உருவாகும் டேட்டாபேஸ்களில் அந்த உரிமை எடுக்கப்பட்டுவிட்டது. நல்ல மாற்றம்தான். ஆனால் 13இலிருந்து நேராக 16க்கு வருகிறவர்கள் பலரும் இடறும் இடம் இது.

நண்பர் செயலியின் ரோலையே சூப்பர்யூசர் ஆக்கிவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். சூப்பர்யூசருக்கு உள்ளே எந்த உரிமைச் சோதனையும் நடக்காது, சர்வரின் கோப்புகளைப் படிக்கவும் கட்டளைகளை ஓட்டவும்கூட அதனால் முடியும். உறுப்பினர்களின் விலாசமும் தொலைபேசி எண்ணும் இருக்கும் இடத்தில், வெப் பக்கத்திலிருந்து வரும் இணைப்புக்கு அந்த அதிகாரத்தைக் கொடுப்பதை நான் எந்த அவசரத்திலும் ஏற்க மாட்டேன்.

எல்லாப் பொருள்களின் ஓனரையும் ஒரே கட்டளையில் மாற்ற ‘ரீஅசைன் ஓன்ட்’ இருக்கிறது. ஆனால் போஸ்ட்கிரெஸ் சூப்பர்யூசரின் பொருள்களை அதனால் மாற்ற முடியாது, சிஸ்டத்துக்குத் தேவையானவை அவற்றில் இருக்கின்றன என்று மறுத்துவிடும். ஒவ்வொரு டேபிளாக மாற்றலாம்தான். பழைய சர்வர் இன்னும் நின்றுகொண்டிருந்தது, புதியதில் சோதனைப் பதிவுகள் தவிர வேறெதுவும் எழுதப்படவில்லை. அப்படியிருக்க, ஒட்டுப்போட்ட உரிமைகளோடு வாழ்வதைவிட ரீஸ்டோரை மறுபடி ஒழுங்காகச் செய்வது மேல் என்று தீர்மானித்தோம்.

இரண்டு ரோல்கள் வைத்தோம். ஒன்று ஓனர் ரோல், மேம்படுத்தல் ஓட்டும்போது மட்டும் பயன்படும். இன்னொன்று ஓட்ட ரோல், வெப் செயலி அன்றாடம் இதில்தான் நுழையும், படிக்க, சேர்க்க, திருத்த, நீக்க மட்டும் உரிமை. டேட்டாபேஸை ஓனர் ரோலின் பெயரில் புதிதாக உருவாக்கினோம். 15 முதல் பப்ளிக் ஸ்கீமா, டேட்டாபேஸின் ஓனர் யாரோ அவருக்கு உரியதாக அமைந்திருப்பதால், ஸ்கீமா உரிமை தனியாகக் கொடுக்காமலே கிடைத்தது. ‘பிஜி_ரீஸ்டோர்’ கட்டளையில் அதே இரண்டு விருப்பங்களோடு, ரோல் விருப்பத்தில் ஓனர் ரோலின் பெயரைக் கொடுத்து ஓட்டியதும் எல்லா டேபிள்களும் சீக்வென்ஸ்களும் அதன் பெயரிலேயே உருவாயின. ஓட்ட ரோலுக்குரிய கிராண்டுகளைக் கொடுத்துவிட்டு மேம்படுத்தலை மீண்டும் ஓட்டினோம், முழுதாக முடிந்தது.

அமைதியாகத் தோற்ற பேக்கப்

மேம்படுத்தலுக்குப் பிந்தைய இரவில் பேக்கப் ஓடியது. மறுநாள் டைரக்டரியில் அன்றைய தேதியில் ஒரு கோப்பு இருந்தது. அளவு மட்டும் முந்தைய நாளின் கோப்போடு ஒப்பிட முடியாத அளவுக்குச் சிறியது.

பேக்கப்புக்கு என்று தனி ரோல் இருந்தது, எல்லா டேபிள்களையும் படிக்க கிராண்ட் கொடுத்திருந்தோம். ஆனால் ‘எல்லா டேபிள்களும்’ என்பதற்கு, அந்தக் கட்டளை ஓடும் நொடியில் இருக்கும் டேபிள்கள் என்றுதான் பொருள். மேம்படுத்தல் உருவாக்கிய புது டேபிள் அதில் இல்லை. பிஜி_டம்ப் முதலில் எல்லா டேபிள்களையும் பூட்டிக்கொண்டுதான் வேலையைத் தொடங்கும். ஒன்றுக்கு அனுமதி இல்லையென்றாலும் முழு டம்ப்பும் நின்றுவிடும். ஸ்கிரிப்ட் அதன் முடிவு நிலையைப் பார்க்காமல், வந்த வரைக்கும் கோப்பில் எழுதிவிட்டுப் போயிருந்தது.

இந்த ஒரு மறுப்புதான் என்னை உண்மையில் கவலைப்பட வைத்தது. மற்றவை எல்லாம் உடனே கத்தின. இது யாருக்காவது ரீஸ்டோர் தேவைப்படும் நாள்வரை வாய் திறந்திருக்காது.

பேக்கப் ரோலுக்கு ‘பிஜி_ரீட்_ஆல்_டேட்டா’ என்ற உள்ளமைந்த ரோலைக் கொடுத்தோம், 14 முதல் இது கிடைக்கிறது. இனி வரும் டேபிள்களையும் சேர்த்துப் படிக்கும், எழுத முடியாது. அதே தொல்லை செயலியின் ஓட்ட ரோலுக்கும் அடுத்த மேம்படுத்தலில் வரும் என்பதால், ‘ஆல்டர் டிஃபால்ட் பிரிவிலேஜஸ்’ கட்டளையால் வருங்கால டேபிள்களுக்கும் சீக்வென்ஸ்களுக்கும் உரிமை எழுதிவைத்தோம். அந்தக் கட்டளையில் எந்த ரோல் உருவாக்கும் பொருள்களுக்கு என்பதைக் குறிப்பிடுவது மிக முக்கியம். குறிப்பிடாவிட்டால், கட்டளையை ஓட்டுகிறவர் உருவாக்கும் பொருள்களுக்கு மட்டுமே செல்லும். சூப்பர்யூசராக நுழைந்து இதை எழுதிவிட்டு, டேபிள்களை ஓனர் ரோல் உருவாக்கினால் எந்தப் பலனும் இருக்காது, எந்தப் பிழைச் செய்தியும் வராது.

பேக்கப் ஸ்கிரிப்ட்டில், டம்ப் வெற்றியாக முடிந்தால் மட்டும் தற்காலிகப் பெயரிலிருந்து உண்மைப் பெயருக்கு மாற்றும்படி எழுதினோம். தோற்றால் அன்றைய தேதியில் கோப்பே இருக்காது, மின்னஞ்சல் போகும். அன்று மாலையே புது டம்ப்பை ஒரு காலி டேட்டாபேஸில் ரீஸ்டோர் செய்து, உறுப்பினர் எண்ணிக்கையைப் பழைய சர்வரோடு ஒப்பிட்டுப் பார்த்தார் நண்பர். இரண்டும் பொருந்தியபின்தான் பழைய சர்வரை நிறுத்தச் சொன்னேன்.